பனியில் வந்த குரல்

வேட்டையில் வாத்தைக் கூப்பிடத் தெரியாதவர்கள் செய்கிற தப்பு, வாத்துக்குரல் எழுப்பும் ஊதுகுழலை ஓயாமல் ஊதுவது. வாத்து நம்மை நோக்கி வரும்போது சும்மா இருக்க வேண்டும். வாலைக் காட்டி விலகும்போதுதான் மெதுவாக ஒருமுறை ஊத வேண்டும். ஆர்கன்சாவில், வெள்ளம் தேங்கி நிற்கும் இந்தக் காட்டில் முப்பது வருடமாக நான் அப்படித்தான் ஊதி வந்தேன்.

லைல் டக்கெட் இங்கே குடிவந்து நாலு வருடம்தான். நல்ல மனிதன், மறுக்கவில்லை. முதல் குளிர்காலத்திலேயே, எனக்கு மேலே வட்டமிட்ட பச்சைத்தலை வாத்துகள் அவன் ஊதலைக் கேட்டு அந்தப் பக்கம் இறங்கின. மறு வருடம் வாத்துக்குழல் ஊதும் ஊர்ப் போட்டியில் எனக்கு வர வேண்டிய கோப்பை அவனுக்குப் போனது. பொறுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்தான். என் மனைவி நெல்டா அவன் தட்டில் வாத்துக்கறியை வைத்தபடி சொன்னாள்:

"நீ ஊதினா வாத்தே பேசுற மாதிரி இருக்கு, லைல். கார்வின் ஊதினா கார்வின் ஊதுற மாதிரிதான் இருக்கு."

மூவரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

படகு ஏன் ஓடைக்கு அக்கரையில் கிடந்தது என்று கேட்டீர்கள், ஷெரிப். நாங்கள் இருவரும் வேட்டைக்குப் போன அன்று காலை ஏழரை மணிக்கு, அடிபட்டு விழுந்த வாத்தை எடுக்க லைல் தண்ணீரில் நடந்து போனான். பனி மூடிவிட்டது. அப்படி ஆனால் மற்றவன் நின்ற இடத்திலேயே நின்று ஊத வேண்டும், அந்தச் சத்தத்தைப் பிடித்துத் திரும்பி வரலாம் என்பது எங்கள் ஏற்பாடு. நான் படகில் ஓடையைக் கடந்து, அங்கிருந்து ஊதினேன். காட்டில் தண்ணீர் தொடையளவு. ஓடையில் இரண்டு ஆள் ஆழம்; மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

"கார்வின், அங்கதான நிக்கிற?"

"இங்கதான். நேரா வா."

கிட்டே வந்ததும் ஊதுவதை நிறுத்தினேன். கால் தயங்கி ஒதுங்கப் பார்த்தான். மெதுவாக ஒருமுறை ஊதினேன். என் பக்கம் திரும்பினான். அடுத்த அடியில் ஓடைக்குள் இறங்கிவிட்டான். மார்புவரை மாட்டியிருக்கும் ரப்பர் உடுப்பில் தண்ணீர் புகுந்துவிட்டால் யாராலும் நீந்த முடியாது. இரண்டு தடவை என் பெயரைச் சொன்னான். துடுப்பு என் மடியில்தான் இருந்தது. நீட்டியிருந்தால் எட்டியிருக்கும்.

அடக்கத்தன்று கல்லறைப் பக்கத்தில் நின்று ஊதும்படி அவன் தங்கை கேட்டுக்கொண்டாள். பிசிறில்லாமல் ஊதினேன். வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். நெல்டா மட்டும் பாதியில் எழுந்து காருக்குப் போய்விட்டாள்.

அவள் கடைசிவரை இருந்து கேட்டிருக்கலாம். லைல் ஒருநாளும் அவ்வளவு நன்றாக ஊதியதில்லை.