வட்டமாக வைத்த புள்ளி

காலையில் எழுந்ததும் என் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. வெந்நீர் ஊற்றித் தைலம் தேய்த்து அரை மணி நேரம் காத்திருந்தால்தான் சட்டைக்குள் நுழையும். இருபத்தாறு வருடம் கரும்பலகையில் எழுதியதால் வந்த வலி என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். மனைவியும் அப்படித்தான் நம்புகிறாள். ஆகவே இந்த விளக்கத்தில் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிர்மலா மேடம், உங்கள் விசாரணைக் குழு என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பன்னிரண்டு நாளைக்கு முன்னால், இயற்பியல் துறையின் மொட்டை மாடியில், எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவி தீர்த்தம்மாளின் வலது கண் பார்வை போனது. தொலைநோக்கியின் முகப்பில் சூரிய வடிகட்டியை மாட்ட மறந்தது ஆய்வக உதவியாளர் ஜெயராணிதானா என்று கேட்கிறீர்கள். 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், ஜெயராணியை வேலையை விட்டு நிறுத்திவிட்டுக் கோப்பை மூடிவிடலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஒரு வார்த்தையில் முடிகிற பதில் அல்ல இது.

என் அப்பா பெயர் ஆண்டி. என் சர்வீஸ் புத்தகத்தில் அவருடைய தொழில் 'கான்ட்ராக்டர்' என்று இருக்கும். அவர் இண்டூர்ப் பக்கத்தில் கல்லுடைத்தவர். பதினொரு வயதிலிருந்து பதினேழு வயது வரைக்கும் நானும் அவரோடு உடைத்தேன். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் சம்மட்டி. தோள் வலி அங்கிருந்து வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம் என்று நினைக்க வேண்டாம். கேட்டவன் அதற்குப் பிறகு என் பாடத்தைக் கேட்கமாட்டான், என் கையைப் பார்ப்பான். அவ்வளவுதான்.

மாணவர்களுக்கு என்மேல் பயம் உண்டு. ஆனால் என் வகுப்பை விட்டு வெளியே போகமாட்டார்கள். நட்சத்திரத்தின் தூரத்தை எப்படி அளக்கிறோம் என்று நான் நடத்துவதைக் கேட்க கெமிஸ்ட்ரி பிள்ளைகள்கூட வந்து பின்பெஞ்சில் உட்காருவார்கள். கட்டை விரலை நீட்டச் சொல்வேன். ஒரு கண்ணை மூடிப் பார், பிறகு அதைத் திறந்து மற்றதை மூடிப் பார் என்பேன். விரல் இடம் மாறுவது போலத் தெரியும். அந்த மாற்றத்தை வைத்துக் கோடானுகோடி கிலோமீட்டரைக் கணக்குப் போடலாம் என்று நாலு வரியில் காட்டிவிடுவேன். தூரம் தெரிய வேண்டுமானால் இரண்டு இடத்திலிருந்து பார்க்க வேண்டும், ஒரு கண் போதாது என்று முடிப்பேன். அன்றைக்கு முன்பெஞ்சில் விரலை நீட்டிக்கொண்டு வகுப்பு முடிந்தும் உட்கார்ந்திருந்தவள் தீர்த்தம்மாள். பாப்பாரப்பட்டிப் பக்கம் ஊர். அவளைப் பற்றி அப்போது அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

பருவ முடிவில் மாணவர்கள் ஆசிரியரைப் பற்றி எழுதும் தாள் உங்களுக்குத் தெரியும். பெயர் போட வேண்டியதில்லை. இந்த முறை இருபத்து மூன்று தாள் வந்தது. 'நல்லா நடத்துறார்', 'இன்டர்னல் மார்க் கஞ்சத்தனம்', 'சிரிக்கவே மாட்டார்', எல்லாம் வழக்கமானதுதான். ஒரு தாளில் ஒரே ஒரு வரி இருந்தது.

'சார் கல்லு ஒடைக்கிற ஆளு மாதிரி.'

நான் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கோபம் வரவில்லை. யாரோ என் பழைய கதையைத் தோண்டியிருக்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது. யார் சொன்னது, எத்தனை பேருக்குத் தெரியும், எவ்வளவு நாளாகச் சிரிக்கிறார்கள் என்பதை அறிய வேண்டியிருந்தது. வானத்தைப் பார்க்கிறவனுக்குப் பொறுமையாகப் பார்ப்பதுதான் வேலை. பார்க்க ஆரம்பித்தேன்.

நான் வகுப்புக்குள் நுழைந்ததும் சிரிப்பு நின்றது. அது எப்போதும் நிற்பதுதான், ஆனால் இப்போது வேறு மாதிரி நின்றது. யாரோ பெஞ்சில் டக்டக்கென்று தட்டினார்கள். வருகைப் பதிவேட்டைக் கொடுக்கும்போது ஐஸ்வர்யா என் விரல்களைப் பார்த்தாள். தாழ்வாரத்தில் பிரபாகர் போனில், "ஜல்லி வந்துருச்சா, எங்க எறக்கினாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் போனை வைத்தான்.

"யாருப்பா ஜல்லி?" என்றேன்.

"சார், வூடு கட்டறோம் சார். அந்த ஜல்லி."

"அப்போ ஏன் போன வச்சிட்ட?"

"நீங்கதானேங்க சார் காலேஜ்ல போன் பேசக்கூடாதுன்னீங்க."

அவன் அப்பா பாலக்கோட்டில் வீடு கட்டுவது உண்மைதான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதனால் அவன் அந்த வரியை எழுதவில்லை என்று ஆகிவிடாது என்றுதான் அப்போது நினைத்தேன்.

பிறகு ரெக்கார்டு நோட்டுகளை எடுத்தேன். இருபத்து மூன்று நோட்டு, மூன்று மாலை. அந்த ஒரு வரியில் இருந்த மெய்யெழுத்துகளின் புள்ளிகள் புள்ளிகளாக இல்லை. சின்னச் சின்ன வட்டங்களாக இருந்தன. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஜனவரியில் தீர்த்தம்மாள் ரெக்கார்டு நோட்டைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தபோது அவளுடைய அளவீடுகளில் தசமப் புள்ளியெல்லாம் அப்படித்தான் இருந்தது.

"இது என்னம்மா? மூணு புள்ளி அஞ்சா, முன்னூத்தி அஞ்சா?"

"மூணு புள்ளி அஞ்சுங்க சார்."

"இதுவா புள்ளி? போண்டா மாதிரி இருக்குது."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். "சின்னதுல இருந்தே இப்பிடித்தாங்க சார், பழகிடுச்சு."

"எல்லாத்தையும் திருத்து. திருத்தாம கையெழுத்துப் போட மாட்டேன்."

ஆக, அந்தச் சிரிப்புக்குப் பழி தீர்த்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். காரணம் கிடைத்தது, கையெழுத்து பொருந்தியது, அவள் ஊரும் இண்டூருக்குப் பக்கம். மூன்று சான்று ஒரே திசையைக் காட்டினால் நாங்கள் அதை முடிவு என்றுதான் எடுத்துக்கொள்வோம்.

தீர்த்தம்மாளின் ஆய்வு சூரியப் புள்ளிகளை எண்ணுவது. தினமும் காலை பத்தரை மணிக்கு மாடிக்கு வருவாள். ஜெயராணி குழாயின் முகப்பில் வடிகட்டியை மாட்டி, அதன் மேல் தூசி மூடியையும் போட்டு, குழாயைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி வைப்பாள். மாணவி கண்ணை வைத்து 'ரெடி' என்றதும் இன்னொருவர் மூடியை எடுக்க வேண்டும். இந்த முறையை வகுத்தவன் நான். பதினைந்து வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஜெயராணி ஒரு நாளும் வடிகட்டியை மறந்ததில்லை. அன்றைக்கும் மறக்கவில்லை.

அவள் மாட்டிவிட்டுப் பதிவேடு எடுக்கக் கீழே போனாள். நான் மேலே போனேன். மூடியை எடுத்தேன், வடிகட்டியைக் கழற்றினேன், மூடியை மறுபடி போட்டேன். அரை நிமிட வேலை. வடிகட்டி இப்போது என் மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய விடைத்தாள்களுக்கு அடியில் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம், பூட்டவில்லை.

தீர்த்தம்மாள் வந்தாள். அவளுக்கு அது நாற்பத்தேழாவது நாள். நோட்டில் தேதியை எழுதிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"ஜெயராணியக்கா இல்லீங்களா சார்?"

"நான் எடுக்கறேன். கண்ண வைம்மா."

"ரெடிங்க சார்."

மூடியை எடுத்தேன்.

"எத்தன புள்ளி?" என்று கேட்டேன்.

"புள்ளியே தெரியலீங்க சார். வெள்ளையா..."

"நல்லாப் பாரு."

அவள் என் பேச்சைக் கேட்கிற பிள்ளை. பார்த்தாள். பிறகு மூடியைப் போட்டேன். எல்லாம் சேர்த்துப் பத்து வினாடிக்குள்தான்.

வலித்திருக்காது. விழித்திரையில் வலி அறியும் நரம்பு கிடையாது, அதனால்தான் சூரியன் ஆபத்து என்று ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பிலேயே சொல்கிறேன். அவள் நிமிர்ந்து கண்ணைக் கசக்கினாள்.

"பச்சையா ஒண்ணு நிக்குதுங்க சார்."

"போயிடும். கிளாசுக்குப் போ."

கொஞ்சம் கூசட்டும் என்றுதான் நினைத்தேன் என்று எழுதலாம். நீங்களும் அதை ஏற்றுக்கொள்ளக்கூடும். ஆனால் அந்தத் தொலைநோக்கிக் கண்ணாடி எவ்வளவு வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும் என்ற கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுகிறவன் நான். விடை எனக்கு மனப்பாடம்.

மத்தியானம் ஐஸ்வர்யா அவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். "சார், இவளுக்கு போர்டு தெரியலீங்களாம் சார்." நான்தான் என் காரில் சேலத்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தொப்பூர் தாண்டும்போது பின்சீட்டில் அவள் கட்டை விரலை நீட்டி ஒரு கண்ணை மூடுவதும் மற்றதை மூடுவதுமாக இருப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

"சார், வலது கண்ணுல கட்டவெரலே இல்லீங்க சார்" என்றாள். பாடத்தில் சந்தேகம் கேட்கிற அதே குரல்.

விழித்திரையின் நடுப்பகுதி வெந்துவிட்டது, ஓரப் பார்வை இருக்கும், நடுப் பார்வை திரும்பாது என்றார் டாக்டர். எழுத்துப் படிக்க அந்தக் கண் உதவாது.

சாயங்காலம் அவளுடைய அப்பா வந்தார். பஸ்ஸில் வந்திருக்கிறார். காதோரத்திலும் புருவத்திலும் வெள்ளையாகத் தூசி படிந்திருந்தது. அது சிமென்ட் இல்லை என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்கதான் சந்திரமோகன் சாருங்களா? எங்க வூட்ல எப்பவும் ஒங்க பேச்சுதாங்க."

"என்ன பேச்சு?"

"நீங்க கல்லு ஒடைக்கிற ஆளு மாதிரின்னு எம் புள்ள சொல்லும்ங்க."

அவர் வேறு ஏதோ சொல்ல வருகிறார், என் வாயைக் கிளறுகிறார் என்று நினைத்தேன்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார், நாங்க அஸ்திவாரத்துக்குக் கடக்கால் கல்லு ஒடைக்கிறவங்க. எங்க வூட்ல அதவிட ஒசத்தியா ஒருத்தரச் சொல்ல மாட்டோம். வேல தெரியாதவன் அடிச்சா கல்லு பொடியாப் போவும். தெரிஞ்சவன் கல்லோட ஓட்டம் பாத்து ஒரே போடு, ரெண்டா பொளந்து நிக்கும், ஆளு தூக்கற அளவுக்கு. எம்மாம் பெரிய பாடமா இருந்தாலும் சாரு அப்பிடித்தான் ஒடச்சித் தராரு, நான் தூக்கிட்டு வந்துடறேன் அப்பாங்கும். ஒங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது, படிச்சவங்க."

"தெரியாதுங்க" என்றேன்.

எனக்குத் தெரியும். என் அப்பாவும் அப்படித்தான் பேசுவார். பெரிய பாறை ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்து, கையை வைத்துத் தடவிப் பார்த்து, ஒரே அடியில் பிளந்து காட்டிய ஒருவரை 'அவன் கல்லு ஒடைக்கிற ஆளு' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தாளில் இருந்த அதே வார்த்தையை நான் டவுன்காரன் காதால் கேட்டிருக்கிறேன்.

போகும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லைன்னா எம் புள்ளைய யாரு இட்டாந்திருப்பாங்க? அந்த ஜெயராணியம்மா மேல கேசு குடுக்கச் சொல்றாங்க. அதுவும் புள்ளகுட்டிக்காரி, வேணாங்க." என் உள்ளங்கையில் அவருடைய கை ஒரு வினாடி நின்றது. காய்ப்பைத் தடவிப் பார்க்கிறாரோ என்று கையை உருவிக்கொண்டேன்.

ஜெயராணி மேல் தவறில்லை. தவறான அளவீட்டைப் பதிவில் நிற்க விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், வேறு காரணம் தேட வேண்டாம். அந்தப் பெண் கேலியாகத்தான் எழுதியிருந்தாள் என்று தெரியவந்திருந்தால், நீங்கள் கேட்ட அந்த 'ஆம்' என்ற ஒரு வார்த்தையை எழுதித் தந்துவிட்டு வகுப்புக்குப் போயிருப்பேன். அந்த வரியை வாசித்ததில்தான் பிழை. செய்ததைச் சரியாகத்தான் செய்தேன். வடிகட்டியைக் கழற்றியவன் நான், மூடியைத் திறந்தவன் நான், நல்லாப் பாரு என்று சொன்னவனும் நான்.

இன்னொன்று. தீர்த்தம்மாளின் ரெக்கார்டு நோட்டு என்னிடம் இருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் அவளைப் பதினான்காம் தேதி செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள். புள்ளிகளைத் திருத்தச் சொல்லியிருந்தேன், இனி அவளால் அவ்வளவு பொடி வேலை முடியாது. நானே தினமும் உட்கார்ந்து ஒவ்வொரு வட்டத்தையும் பேனாவால் அடைத்துக்கொண்டு வருகிறேன். தோள் வலியோடு நாற்பது பக்கம் முடித்துவிட்டேன். இன்னும் ஆறு பக்கம். நாற்பத்தேழாவது பக்கத்தில் அவள் எழுதிய தேதி மட்டும் இருக்கிறது, அதில் திருத்த ஒன்றுமில்லை. இந்த விளக்கத்தைப் படித்ததும் என்னை வளாகத்துக்குள் விடமாட்டீர்கள் என்று தெரியும். அதற்கு முன் ஒரு நாள் கொடுங்கள். தீர்த்தம்மாளுக்கு நான் தரவேண்டிய பாக்கி அந்த ஒரு கையெழுத்துதான்.