விட்டுப்போன வரி

ஜாதவ்பூரில் பஸ் ஏறிய ஒரு தமிழ்த் தம்பதி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மனைவி அப்போதுதான் டாக்டர் பட்டத்துக்கான வைவாவை முடித்துவிட்டு வந்திருந்தார். பாஸா என்றுகூடக் கணவர் கேட்கவில்லை.

"தீஸிஸ்ல நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"இல்லையே. பட்டம் உண்டுன்னு சொல்லிட்டா. ஏன்?"

"டைப் அடிக்கறப்போ அதுல ஒரு வரியை விட்டுட்டேன். நீ ஆபீஸ்ல குடுத்தப்புறந்தான் தெரிஞ்சுது. மூணு மாசமா சரியாத் தூக்கமே இல்லை."

"குடுக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். எல்லாக் காப்பியிலயும் பேனாவால எழுதிச் சேர்த்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லலையே!"

"சொன்னா முழுசையும் மறுபடி அடிக்க உக்காந்திருப்பேள்."

அவர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு பெருமூச்சு விட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மனைவி தொடர்ந்தார்:

"எக்ஸாமினர் என்ன சொன்னார் தெரியுமா? டாக்டர் பட்டம் வாங்கினவா நாட்டுக்குப் பத்தலையாம். வேலை கிடைச்சதும் என்கிட்டயே ரெண்டு பேரை ஆராய்ச்சிக்குச் சேத்துக்கச் சொல்றார்."

"ஐயோ, அவாளுக்கு யார் டைப் அடிக்கறது?"

"அவாவா ஆத்துக்காரர் அடிக்கட்டும். நீங்க ஒருத்திக்கு அடிச்சது போதும்."