சிவப்புத் தாளின்மேல் கடைசியாக நடந்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் பழைய ஆலை மேலாளர் அவர்களே, பொறியாளர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் தங்கச்சி, மகளே, கத்தி பிடித்துச் சிவப்புத் தாள் வெட்டிய என் பழைய தோழியரே, எங்கள் சிப் ஓடிய கணினியில்தான் முதல் நிரல் எழுதிப் பழகினோம் என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடையில் பேச வராது. எழுதிக்கொண்டுவந்து படிக்கிறேன். நான்கு முறை திருத்தினேன். ஐந்தாவது முறை படித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

எங்கள் தலைமை வடிவமைப்பாளர், நாம் எல்லோரும் 'சிலந்தி' என்று அழைத்த அந்தப் பெரிய மனிதர், எங்கள் எட்டு பிட் நுண்செயலி பிறந்த கதையைப் புத்தகமாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. சென்ற வாரம் அவர் மகள் கையெழுத்துப் பிரதியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"பெரியப்பா, நீங்கதான் இதைச் சரிபார்த்து முடிச்சுக் கொடுக்கணும். அப்பா அப்படித்தான் சொல்லிட்டுப் போனார்."

இரங்கல் கூட்டத்தில் பதில் சொல்கிறேன் என்றேன். காரணம் இருக்கிறது. அந்தப் பிரதியில் நாற்பத்தோராம் பக்கம் தவறு. அது தவறு என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

யார் இந்தச் சிலந்தி? ஒரு கணினியின் மூளை மேசை அளவு பலகைகளில் பரவிக் கிடந்த காலத்தில், அதை விரல் நகத்தில் அடக்கிவிடலாம் என்று கிளம்பியவர்களில் ஒருவர். நாலாயிரத்துச் சொச்சம் டிரான்சிஸ்டர்கள். அத்தனைக்கும் இடையில் ஓடும் கம்பிகளை, ஒன்றின்மேல் ஒன்று இடிக்காமல், பென்சிலால் வரைந்தவர். கணினியை வைத்தா வரைந்தார்? கணினியைச் செய்வதற்குத்தானே வரைந்தார்! நான் மூன்று நாள் முட்டி மோதி 'இடமில்லை' என்று எழுதிவைத்த மூலையில், ஒரு தேநீர் ஆறுவதற்குள் மூன்று கம்பிகளைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். "அண்ணே, இடம் இருந்துச்சு. அது உங்களைப் பார்த்துப் பயந்து ஒளிஞ்சுக்கிச்சு" என்பார். அறையே சிரிக்கும்.

நான் சரிபார்ப்பாளன். எனக்குப் பெயர் 'பூதக்கண்ணாடி'. நான் உள்ளே நுழைந்தால் தாள் வெட்டும் பெண்கள், "அய்யோ, சிரிக்காதீங்கடி, அதையும் அளந்து பார்ப்பார்" என்பார்கள். இதோ, அப்படிச் சொன்னவரே மூன்றாவது வரிசையில் இருக்கிறார். தலையைக் குனிய வேண்டாம் அம்மா, அளந்துதான் பார்த்தேன்.

சிலந்தி எனக்கு இரண்டு வருடம் பின்னால் வேலைக்கு வந்தவர். என்னைவிட இளையவர். எனக்கு முன்னால் தலைவரானார். நான் அவர்மேல் பொறாமைப்பட்டேன். இரங்கல் கூட்டத்தில் பேசும் பேச்சா இது என்று கேட்பீர்கள். வேறு எந்தக் கூட்டத்தில் பேசுவது? அவர் வரைந்த கோட்டின்மேல் பொறாமை. அவர் நுழைந்ததும் சிரிக்கும் அறையின்மேல் பொறாமை. வேலை முடிந்த மதியத்தில் நாற்காலியில் சாய்ந்து பத்து நிமிடம் நிம்மதியாகத் தூங்குவாரே, அந்தத் தூக்கத்தின்மேல்கூடப் பொறாமை!

இளையவர்களுக்காக எங்கள் வேலையைச் சொல்லவேண்டும். வரைபடத்தை நானூறு மடங்கு பெரிதாக்கி, சிவப்புப் படலம் ஒட்டிய கண்ணாடித்தாளில் வெட்டுவோம். வேண்டாத சிவப்பை உரித்து எடுப்போம். மிச்சமிருக்கும் சிவப்புதான் கம்பி. அதைப் படமெடுத்துச் சுருக்கினால் சிப்பின் அச்சு. தாள் அறை அகலம் இருக்கும். அடியில் விளக்கெரியும் மேசைமேல் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளைக் காலுறையோடு அதன்மேல் ஏறித் தவழ்ந்துதான் பார்ப்போம். தலைமை வடிவமைப்பாளர் கடைசியாக ஏறி இறங்கிக் கையெழுத்துப் போட்டபின் வேறு யாரும் ஏறக்கூடாது. அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான்.

எங்கள் சிப்பின் தாள் முடிந்த அன்று அவர் காலையிலேயே கையெழுத்துப் போட்டார். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. ஒரு தவறாவது இருக்காதா? இத்தனை ஆயிரம் கோட்டில் ஒரே ஒரு கோணல் இருக்காதா? காலுறையோடு மேசைமேல் ஏறினேன். அளவுகோலோடு நாற்பது நிமிடம் தவழ்ந்தேன். இல்லை. ஒன்றுகூட இல்லை. எரிச்சலோடு இறங்கினேன். ஏறும்போது என் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் பார்க்கச் சொன்னவன், அன்று பார்க்கவில்லை.

பதினான்கு வாரம் கழித்து முதல் சிப்புகள் வந்தன. கட்டளைகளைப் படித்தன, எண்களை நினைவில் வைத்தன, சொன்ன கட்டளைக்குத் தாவின. கூட்டல் மட்டும் தகராறு. ஒரு இடம் நிறைந்தால் அடுத்த இடத்துக்குப் போகவேண்டிய ஒன்று போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு சிப்பிலும் அதே குறை. தாள்களை மறுபடி விளக்கில் விரித்தோம். இரண்டு கம்பிகளுக்கு நடுவே, நகக்கண் அளவு சிவப்புத் துணுக்கு. யாரோ ஒருவர் காலில் ஒட்டி வந்து உட்கார்ந்தது. இரண்டு கம்பிகளையும் ஒன்றாக்கிவிட்டது.

மேலாளர் அவர்களே, நீங்கள் அன்று கேட்டது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "கடைசியா யாரு ஏறினது?"

சிலந்தி யோசிக்கவே இல்லை. "நான்தான் சார். கையெழுத்துப் போட்டவனும் நான், ஏறினவனும் நான். என் காலுதான்."

நான் அவருக்குப் பின்னால் இரண்டடியில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

திருத்தி எடுக்கப் பதினோரு வாரம் ஆனது. எங்கள் சிப்புக்காகக் காத்திருந்த பெரிய கணினி நிறுவனம் வேறிடம் போய்விட்டது. பிறகு வாங்கியவர்கள் சின்னச் சின்னத் தயாரிப்பாளர்கள்தான். நண்பர்களே, அவர்கள் செய்த கணினியில்தான் நீங்கள் பழகினீர்கள். அடுத்த பதினாறு பிட் வேலைக்குத் தலைமை யார் என்ற பேச்சு வந்தது. "இனிமே கவனமான ஆள்தான் வேணும். நீங்க எடுத்துக்குங்க" என்று மேலாளராகிய நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். எடுத்துக்கொண்டேன்! மேலாளர் அவர்களே, நீங்கள் தவறான ஆளை நாற்காலியிலிருந்து இறக்கினீர்கள். குற்றம் உங்களுடையது அல்ல.

அந்த நாற்காலியில் எட்டு மாதம் இருந்தேன். பாதி வரைபடத்திலேயே வேலை நின்றுபோனது. அந்த எட்டு மாதமும் சிலந்தி எனக்குக் கீழே அமர்ந்து, நான் கொடுத்த மூலைகளை வரைந்தார். மதியத்தில் முன்போலவே தூங்கினார். அப்போதும் எனக்கு அந்தத் தூக்கத்தின்மேல்தான் கண்!

அவருக்கு வருத்தமே இல்லையா? அவரோடு குடும்பம் நடத்திய தங்கச்சிக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கதையை அவர் ஐம்பது வருடம் சிரித்துக்கொண்டே சொன்னார் என்பது. கல்லூரிகளில் சொன்னார், கல்யாண வீடுகளில் சொன்னார். போன மாதம் ஆஸ்பத்திரியில் என் கண்ணெதிரே செவிலியிடம் சொன்னார்.

"சிஸ்டர், வெறும் சாக்ஸ் போட்டு நடந்து ஒரு கம்ப்யூட்டரையே கெடுத்த ஆளு நான்."

"அதான் காலைத் துடை, காலைத் துடைன்னு உயிரை வாங்குறீங்களா தாத்தா?"

இருவரும் சிரித்தார்கள். அன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். ஏன் சொல்லவில்லை? பயமா? பயம் எனக்குப் பழகியது. பயம் இல்லை. என் தவறைக்கூட அவர் என்னைவிட அழகாகச் சொல்கிறாரே என்று வயிறு எரிந்தது. செய்தவன் நான், கதை அவருடையது! எழுந்து வந்துவிட்டேன். பதினோரு நாளில் அவர் போய்விட்டதாகச் செய்தி வந்தது.

நாற்பத்தோராம் பக்கத்தில் அவர் எழுதியிருக்கிறார்: 'அந்தத் துணுக்கு என் காலுறையில் வந்தது.' இல்லை. என் காலுறையில் வந்தது. தாளின்மேல் கடைசியாக நடந்தவன் நான். அவர் கையெழுத்துப் போட்டபோது அந்தத் தாளில் ஒரு குறையும் இல்லை. அதை அளந்து பார்த்த ஒரே சாட்சியும் நான்தான்.

அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் பிரதியை என்னிடம் அனுப்பச் சொன்னாரா? தெரியும் என்று நினைத்துக்கொண்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அதனாலேயே அப்படி நினைக்க மாட்டேன்.

பன்னிரண்டாம் பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. 'அண்ணன் பார்த்த தாளை நான் திரும்பப் பார்த்ததில்லை. அதனால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.' இதைப் படித்தபோதும் முதலில் வந்தது பொறாமைதான். அவரைப் பற்றி இப்படி ஒரு வரி எழுத எனக்கு ஐம்பது வருடம் இருந்தது. நான் எழுதவில்லை.

மகளே, நீ கேட்டதற்குப் பதில் இது. அப்பாவின் புத்தகத்தைச் சரிபார்க்கிறேன். எந்தக் கம்பியை யார் வரைந்தார், எந்தத் தாளை யார் வெட்டினார் என்று ஒருவர் விடாமல் கடைசி அத்தியாயத்தில் எழுதுகிறேன். அந்தத் தோழியர் எல்லோரையும் வீடு தேடிப் போய்க் கேட்டு எழுதுகிறேன். அவர் விட்ட வேலையை அவர் அளவுக்குச் செய்ய எனக்கு வராது. என் அளவுக்குச் செய்வேன். இந்தச் சபையின் முன் சொல்லும் உறுதி இது.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. நாற்பத்தோராம் பக்கத்தைத் திருத்தி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். அதை இன்று உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. கேட்டபிறகும் நான்தான் முடிக்க வேண்டும் என்று அவர் சொன்னால், ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. வேண்டாம் என்றால் மீதிப் பக்கங்களை நானே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

தங்கச்சி, பதிலுக்கு அவசரமில்லை. ஐம்பது வருடம் எடுத்துக்கொண்டவன் அவசரப்படுத்த முடியாது.