போடியார் பேரனின் தயிர்ச் சட்டிகள்

“சாமுராய்களே கடை போட்டிருக்கானுகள் மச்சான், உனக்கென்ன வெக்கம்?”

மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு வாவியைக் கடக்கும் படகில், எனக்கு முன்னால் நின்ற சரித்திர வாத்தியார் இப்படிக் கேட்டார். அவர் மச்சான் என்று கூப்பிட்டவர், தேய்த்த வெள்ளைச் சட்டையில் இருந்தார். காலடியில் தயிர்ச் சட்டிகள். வட்டை வட்டையாக வயல் வைத்திருந்த ஒரு போடியாரின் பேரன் அவர் என்பதும், வியாபாரத்துக்கு இன்றுதான் முதல் நாள் என்பதும் பேச்சிலேயே தெரிந்தன.

“ஆரு, ஜப்பான்ல வாளோட திரிஞ்ச ஆக்களா?”

“ஓம். உங்கட அப்பப்பா மாதிரித்தான், இருந்த இடத்துக்கே அரிசி வந்த ஆக்கள். புது அரசாங்கம் அரிசியையும் நிப்பாட்டி, வாளையும் கழட்டச் சொல்லிட்டு. பிறகென்ன, கடை போட்டானுகள்.”

“கடை ஓடினதா?”

“கனபேருக்குக் கவிண்டுட்டு. வியாபாரம் பேசிப் பழக்கமில்ல.”

“நல்லாத் தைரியம் சொல்றாய்.”

“அதுக்குத்தான் சொல்றன், நீ வாயைத் திறந்து பேசு. இதுவும் சரிவராட்டி கட்டாருக்கு வேலைக்குத்தான் போகணும், யோசிச்சுக்க.”

பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி குனிந்து பார்த்தாள். “தம்பி, இது விக்கவா?”

வாத்தியார் மச்சானை முழங்கையால் இடித்தார்.

“ஓம் அக்கா, நம்மட எருமைத் தயிர்.” மச்சான் சிரித்த முகத்தோடு ஒரு சட்டியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அவள் பணப்பையைத் திறந்தாள்.

“சேச்சே, நம்மட ஊராக்களிட்டக் காசு வாங்கிறதா? சும்மா கொண்டு போங்க.”

படகிலிருந்த இன்னும் நாலைந்து பேர் சட்டிகளின் பக்கம் நகர்ந்தார்கள். வாத்தியார் அவசரமாக நடுவே போய் நின்றுகொண்டார்.