தங்கையின் தொழில் பதிவு

“தொழில் எண்ட இடத்திலை எஸ்கோர்ட் எண்டே எழுதுவம். வரிக் கந்தோருக்குப் பொய் எழுதக் கூடாது.”

தொண்ணூறுகளில் ஒருநாள், லண்டனில் வெஸ்ட் ஈலிங் பஸ்ஸில், முன் இருக்கையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த அக்கா தன் தங்கையிடம் சொன்னாள். தங்கைக்கு முப்பது வயதிருக்கும். காசுக்கு ஆண்களுக்குத் துணையாகப் போகிற வேலை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

“விலாசம்? கடிதம் வந்தால் அம்மா உடைச்சு வாசிப்பா. பிறகு நான் அந்த வீட்டு வாசல் மிதிக்கேலாது.”

“என்ரை வீட்டு விலாசத்தைப் போடுறன்.”

“அத்தான்?”

“நேற்றே சொல்லிப்போட்டன். இன்னும் என்னோடை கதைக்கேல்லை. பசிச்சால் கதைப்பார்.”

தங்கை சிரித்தாள். பிறகு படிவத்தை எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ அக்கா, மேலை என்ன கீறுறாய்?”

“பிள்ளையார் சுழி.”

“வெள்ளைக்காரன் என்ன நினைப்பான்?”

“நினைக்கட்டும். தனியத் தொழில் துடங்கிறாய். அவரில்லாமல் உன்னை விடுவனே?”