வியாழக்கிழமை நோட்டு

என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதனால் அந்த நோட்டில் இருப்பது என்னுடையது இல்லை என்று சாதிக்கப் போவதில்லை, மேடம்.

சிட்டுவை ஒன்றரை வயதில் வளர்ப்பதற்காக என்னிடம் கொடுத்தீர்கள். பெற்றவள் குடியை விடமாட்டாள், பிள்ளை இனி உங்களோடுதான் என்று உங்கள் குழந்தைகள் நல அலுவலகத்தில் வாய் நிறையச் சொன்னார்கள். இரண்டரை வருடம் கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன். பிறகு ஒருநாள், அவள் சிகிச்சை முடித்துத் திருந்திவிட்டாள், பிள்ளையைத் திருப்பித் தரத் தயாராகுங்கள் என்றார்கள். நம்பவைத்துக் கழுத்தறுத்தது முதலில் யார்?

நோட்டு உங்கள் யோசனை. வியாழன்தோறும் அலுவலக விளையாட்டு அறையில் தாயும் மகளும் ஒரு மணி நேரம் சந்திப்பார்கள்; நானும் கூட இருப்பேன். பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று முன்கூட்டியே நான் எழுதித் தரவேண்டும். அவளும் பதில் எழுதலாம்.

எழுதினேன். சிட்டுவுக்குப் பலூன் என்றால் உயிர் என்று எழுதினேன். உண்மையில் அது வெடிக்கிற சத்தத்தில் பிள்ளைக்கு மூச்சே நின்றுவிடும். பெற்றவள் ஆறு பலூன்களோடு வந்தாள். ஒன்று வெடித்ததும் பிள்ளை அலறிக்கொண்டு என் மடிக்கு ஓடிவந்தது. அடுத்த வாரம், தலைவாரினால் சொக்கிப்போவாள் என்று எழுதினேன். காதுவலி வந்ததிலிருந்து சிட்டு தலையைத் தொடவிடமாட்டாள். பாவம், பெற்றவள் புதுச் சீப்பு வாங்கி வந்திருந்தாள். 'குழந்தை தாயைக் கண்டு அஞ்சுகிறது' என்று உங்கள் அதிகாரி எழுதினார். அது என் கையெழுத்து இல்லை.

கிளம்பும்போது வாசலில் அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். "எங்க தப்பு பண்றேன்னே தெரியலக்கா. நீங்க எழுதித் தர்றத அப்படியேதான் செய்றேன்."

"பழகப் பழக சரியாயிடும்மா," என்று கண்ணைத் துடைத்துவிடுவேன்.

இருபத்திரண்டு வியாழக்கிழமைகள். பிறகு நீங்களே சந்திப்பை நிறுத்தினீர்கள். இப்போது மறுபடி குடிக்கிறாளாம். உங்கள் ஆட்கள் அன்றே சொன்னதுதானே.

கடைசிப் பக்கத்தில் அவள் எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். 'அக்கா, கைக்குழந்தையா இருக்கும்போதே பலூன் வெடிச்சா சிட்டு துடிச்சுப் போயிடுவா. நீங்க எழுதினதப் பாத்து, பயம் தெளிஞ்சிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். எனக்குத் தெரிஞ்சதவிட நீங்க சொல்றதுதான் சரின்னு நினைச்சேன்.'

தெரிந்துகொண்டே பலூன் வாங்கி வந்திருக்கிறாள், மேடம். பெற்ற தாய் செய்கிற காரியமா அது? இவளிடமா என் பிள்ளையைக் கொடுக்கச் சொன்னீர்கள்?