கயித்துல கை வெக்காதிங்க

அஞ்சி கூட குடுக்கலன்னா அத இன்னான்னு சொல்றது மேஸ்திரி? ஒரு லிட்டர் டீசலுக்கு அஞ்சி கிலோமீட்டர்! அது போன மாசம். இந்த மாசம் நாலு. முந்தாநாளு சாத்தனூர் டேமுக்குப் போயிட்டு வந்தேன், மூணரை... மூணரைங்க! இதுக்கு ஒரு ரோடு ரோலர் வாங்கியிருக்கலாம். ரோடாவது சமமா ஆயிருக்கும்.

உக்காருங்க, உக்காருங்க. சரி, பாத்துக்கினே கேளுங்க, உங்க இஷ்டம். கீழ்பென்னாத்தூர் வேணு மெக்கானிக்குன்னா நல்ல கைன்னு கேள்விப்பட்டிருக்கேன். எங்க வூட்ல சந்திரகலா தான் சொல்லி அனுப்பிச்சிருப்பா. எனக்குத் தெரியாம நாலு பேரக் கூப்புடறதே அவளுக்கு வேல. பரவால்ல, வந்துட்டிங்க. பேச்சு கம்மி போலருக்குது உங்களுக்கு. நல்லது. மெக்கானிக்கு பேசுனா வேல நடக்காது.

இந்த பிக்கப்பு நம்புளுதுதான். டீசல் வண்டி. பத்து வருசமா எண்ண மில்லுக்கு மல்லாட்ட மூட்ட ஏத்தி ஓட்டுனது. பின்னாடி வெள்ளையா, கோழிமுட்ட மாதிரி நிக்கிது பாருங்க, அதான் வீட்டு வண்டி. ஒலாந்துக்கார வெள்ளக்காரர் ஒருத்தரு, புருசனும் பொண்டாட்டியுமா, அவங்க ஊர்லேருந்து இத கார்ல கட்டி இழுத்துக்கினே வந்தாங்க. துருக்கி, ஈரான், பாகிஸ்தான் எல்லாத்தையும் தாண்டி வந்த காரு, நம்ம ரமணாசிரமத்தாண்ட வந்து மூச்ச வுட்டுடுச்சி. ரெண்டு வருசம் இங்கயே இருந்துட்டு, பிளேன் ஏறும்போது இத என் தலயில கட்டிட்டுப் போனாரு. உள்ள கட்டில் இருக்குது, அடுப்பு இருக்குது, ஜன்னலுக்குத் திரை இருக்குது. எங்க கல்யாணத்துக்குக் கூட அப்பிடி ஒரு ரூம்பு கெடைக்கலங்க.

நான் இன்னா நெனச்சேன்... ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்குத் தங்குற வெள்ளக்காரங்க இருக்காங்களே, அவங்கள பாண்டிச்சேரி, மாபலிபுரம்னு கூட்டிக்கினு போலாம். போவும்போது பிக்கப்ல உக்காந்து வரட்டும், போன எடத்துல வீட்டு வண்டில படுத்துக்கட்டும். நல்ல யோசனதான? யோசன நல்லாத்தான் இருந்திச்சி. டீசல் தான் குடிச்சிது. அதுவும் எப்பிடிப்பட்ட நேரம்? ஈரான்ல இன்னாவோ கலாட்டாவாம், நம்ம பங்க்ல 'ஸ்டாக் இல்லை'ன்னு போர்டு. அங்க எவனோ சண்ட போட்டுக்கினா இங்க நான் கேனத் தூக்கிக்கினு காலைலேருந்து நிக்கணும்.

பிக்கப்புலேருந்து கொக்கியக் கழட்டிட்டிங்களா? செய்யிங்க, செய்யிங்க. இன்னா, கல்லு தேடறிங்களா சக்கரத்துக்கு வெக்க? வாணாம்! இந்த வீட்டு வண்டிக்குக் கல்லே வாணாங்க. மேட்டுல வுட்டாலும் வெச்ச எடத்துல நிக்கும், ஒரு எஞ்சி நவுராது. வெள்ளக்காரன் செஞ்சதுன்னா சும்மாவா?

நானும் எல்லாம் செஞ்சி பாத்துட்டேன். டயர்ல காத்து ஜாஸ்தி அடிச்சேன். அப்பறம் கம்மி பண்ணேன். உள்ள இருந்த அடுப்பத் தூக்கி வெளில போட்டேன். கண்ணாடியக் கழட்டுனேன். ஒருத்தரு சொன்னாரு, லாரி பின்னாலயே ஒட்டிக்கினு போனா எதுர்காத்து தடுக்காதுன்னு. போனேன். பாண்டிச்சேரி வரைக்கும் அவன் வெச்சிருந்த கருவாட்டு நாத்தந்தான் மிச்சம். செஞ்சிக் கோட்ட மேட்டுல பாரம் கொறையட்டும்னு நாலு வெள்ளக்காரங்கள எறக்கி நடக்க வெச்சேன். அவங்க அதயும் இன்னாவோ வேண்டுதல்னு நெனச்சிக்கினு செருப்பக் கழட்டிட்டு நடந்தாங்க பாவம். மேல போயி கும்புடு வேற போட்டாங்க எனக்கு.

எதுலயும் சரியாவல. இன்னா காரணம்? நான் சொல்றேன் கேளுங்க. கண்ணு. ஊரு கண்ணு! ஆமாங்க, சிரிக்காதிங்க... சிரிக்கலயா? சரி. இந்த வண்டிய மொத மொதல்ல தேரடி வீதில ஓட்டிக்கினு போனேன். கடையில எட போட்டுக்கினு இருந்தவன் தராச வுட்டுட்டு பாக்கறான். ஒரு பொம்பள எங்க எதுர்வூட்டு பச்சையம்மாள்கிட்ட கேட்டாளாம், 'சக்கரபாணி வூட்டயே தூக்கிக்கினு போறாரே, வாடகை குடுக்கலயா?'ன்னு. இத்தினி கண்ணு பட்டா இரும்பு தாங்குமா?

அதான் திருஷ்டி கட்டுனேன். தோ, முன்னாடி, கொக்கிக்கு மேல தொங்குது பாருங்க. எலுமிச்சம்பழம், பச்சமொளகா, படிகாரம், ஒரு தேங்கா, பிஞ்ச செருப்பு ஒண்ணு. எல்லாம் கருப்புக் கயித்துல. எங்க கட்டறதுன்னு தேடுனேன். வழுவழுன்னு முட்ட மாதிரி இருக்குது, ஒரு ஆணி அடிக்க முடியல. முன்னாடி ஒரு கம்பி மட்டும் படுத்தாப்புல நீட்டிக்கினு இருந்திச்சி. எதுக்கு வெச்சானோ, கோட்டு மாட்டறதுக்கு வெச்சிருப்பான், குளுரு தேசமாச்சே! அதுல கட்டுனேன். தேங்கா கீழ தொங்கி ரோட்டுல தேஞ்சிது. அப்பறம் அந்தக் கம்பியத் தூக்கிப் பாத்தேன். கட கட கடன்னு அழகா மேல வந்து நின்னுடுச்சி. ஜன்னல் கம்பியோட சேத்து இறுக்கிக் கட்டிட்டேன். இன்னா ஸ்டாங்கு! யாராலயும் அசைக்க முடியாது.

அதுக்கப்பறமும் கொறஞ்சிது பாருங்க மைலேஜு. கண்ணு அவ்ளோ பொல்லாதது. உடனே இன்னொரு வரிச எலுமிச்சம்பழம், இன்னொரு கயிறு, கம்பிய இன்னும் ரெண்டு கடகட ஏத்தி, காலால ஒதச்சி இறுக்குனேன். நாலுக்கு வந்துடுச்சி. மறுபடியும் இறுக்குனேன். மூணரை. ஓடும்போது சக்கரத்தாண்டேருந்து ஒரு தீஞ்ச நாத்தம் வரும். நான் பயந்துட்டேன். பச்சையம்மாள் சொல்லிச்சி, 'திருஷ்டி கருகுதுண்ணா, நல்லதுதான், கருகட்டும்'னு. சரி கருகட்டும்னு வுட்டுட்டேன். போன வாரம் ஒரு வெள்ளக்காரி அந்தக் கம்பியக் காட்டி கையக் கையக் கீழ எறக்கி இன்னாவோ கத்துச்சி. ரொம்ப புடிச்சிப்போச்சி போலருக்குது. நான் நடுவுல தேங்காயத் திருப்பி வெச்சி, படம் புடிச்சிக்கோன்னுட்டேன்.

இன்னாங்க கைய வெடுக்குனு எடுத்துக்கினிங்க? சக்கரம் சூடா? இப்பதான வேங்கிக்கால்லேருந்து இழுத்துக்கினு வந்தேன். ஓடுன சக்கரம் சூடாத்தான் இருக்கும்.

இதுல ஒரு மனுசனையும் எழந்தேன் மேஸ்திரி. அதச் சொல்லாம வுட்டேன் பாருங்க. குலாம் ரசூல்னு என் டிரைவரு. பதினெட்டு வருசம். நான் மாட்டு வண்டி வெச்சிருந்த காலத்துலயே மூட்ட தூக்க வந்தவன். ரம்ஜானுக்கு அவன் வூட்லேருந்து எனக்கு சேமியா, பொங்கலுக்கு எங்க வூட்லேருந்து அவனுக்கு கரும்பு. அவன் தான் ஓட்டுவான், நான் பக்கத்துல உக்காந்து பேசிக்கினு வருவேன். தனி பிக்கப்பு லிட்டருக்கு பன்னெண்டு குடுக்கும், மூட்ட ஏத்துனா ஒம்போதுன்னு அவன்தான் சொல்லுவான். நான் எங்க அளந்தேன்? அவன் சொன்னா சரின்னு இருந்தேன்.

வீட்டு வண்டி கட்டி ஆறு வாரத்துல அவன் வந்து தலயச் சொறிஞ்சிக்கினு நிக்கறான். 'அண்ணே, பின்னாடி எவனோ புடிச்சி இழுக்கறாப்புல இருக்குது. அந்தக் கயித்த ஒரு தபா அவுத்துப் பாக்கட்டுமா?' எனக்கு வந்திச்சி பாருங்க கோவம்! 'கயித்துல கை வெச்சே, வண்டில கை வெக்க மாட்டே'ன்னேன். நான் சாமிய வேண்டி கட்டுனத அவுக்கறேங்கறானே. அப்பறம் எனக்கு ஒரு சந்தேகம். டீசல் எங்க போவுது? வண்டி குடிக்கலன்னா எவனோ குடிக்கறான். டாங்கிச் சாவி அவன்கிட்டதான...

பங்க்ல, கியூவுல, அத்தினி பேரு எதுர்ல, நான் டாங்கில குச்சிய வுட்டு எடுத்துக் காட்டுனேன். 'இராமலிங்கம், நேத்து நீ ஊத்துனது இருவது லிட்டர், இப்ப பாரு, எவ்ளோ நனஞ்சிருக்குது பாரு'ன்னு பங்க்காரனக் கூப்ட்டு காட்டுனேன். பேரு சொல்லலிங்க. நான் பேரே சொல்லல. ஆனா எல்லாரும் ரசூலத்தான் பாத்தாங்க. நானும் பாத்தேன். அவன் சாவிய எடுத்து பானட்டு மேல வெச்சான். 'வரேண்ணே'ன்னான். நடந்தே போயிட்டான்.

இப்ப ஊரே அவன டீசல் திருடன்னுது. ஒருத்தனும் வண்டி குடுக்க மாட்டேங்கறான். பொண்டாட்டி வஜீதா, புள்ளைங்க எல்லாரையும் கூட்டிக்கினு பெங்களூருக்கே போறானாம், அங்க மச்சான் லாரி ஷெட்டு வெச்சிருக்கானாம். போவட்டும்! எனக்கு இன்னா? ...எனக்கு இன்னாவா? பக்கத்து சீட்டு காலியா இருக்குதுங்க. நானே ஓட்டிக்கினு, நானே பேசிக்கினு போறேன். வாயத் தொறந்தா கேக்க ஆளில்ல.

அதுலயும் பாருங்க, சாத்தனூருக்கு நான் தான் ஓட்டிக்கினு போனேன். டாங்கிக்குப் பூட்டு போட்டேன், சாவி என் அருணாக்கயித்துல. அப்பவும் மூணரை. அப்ப எவன் திருடுனது? நானேவா? இல்ல, இல்ல... போவும்போது அவன் பம்புல இன்னாவோ பண்ணி வெச்சிட்டுப் போயிருக்கணும். அதான். அப்பிடித்தான் இருக்கணும். அப்பிடி இல்லன்னா எனக்குச் சோறு எறங்காது மேஸ்திரி. அதனாலதான் கேக்கறேன், அந்தப் பம்ப நல்லா பாருங்க. முன்னாடி இருக்குது பம்பு. நீங்க இன்னா அந்தாண்டயே... கத்தி எதுக்கு? கயித்துல கை வெக்காதிங்க. மேஸ்திரி! மேஸ்திரி, சொல்றேன்ல! ஐயோ... அறுத்துட்டிங்களே!

முனையில எதயோ அமுக்குனிங்க, டொப்புனு வுழுந்துடுச்சே அந்தக் கம்பி... இன்னா தள்ளுறிங்க? நாலு ஆளு சேந்தாலே நவுராது அது, நீங்க ஒத்த கையால... ஏ! ஏ! போவுது! ஐயோ உருளுது, புடிங்க! கல்லு, கல்லு வெய்யிங்க! ...அப்பாடா, நின்னுது.

...இன்னா சொன்னிங்க? பிரேக்கா? ட்ரெய்லருக்கு ஏதுங்க பிரேக்கு? நம்மூரு ட்ராக்டர் ட்ரெய்லர்ல எங்கயாவது பிரேக்கு பாத்திருக்கிங்களா? ...ஒலாந்துல வெப்பானா. ...கம்பியத் தூக்குனா புடிக்குமா. எவ்ளோ தூக்கறமோ அவ்ளோ.

அப்ப நான்... மூணு மாசமா... பிரேக்கப் புடிச்சிக்கினே... பாண்டிச்சேரிக்கும் மாபலிபுரத்துக்கும்... நானே காலால ஒதச்சி ஒதச்சி...

இதப் பாருங்க மேஸ்திரி. இது நமக்குள்ளயே இருக்கட்டும். எவனாவது கேட்டா பம்புன்னு சொல்லிடுங்க. பம்புன்னா ஒருத்தனுக்கும் புரியாது, ஒத்துக்குவான். ...இன்னா அப்பிடிப் பாக்கறிங்க? தெரியுது. பம்புன்னு சொன்னா ரசூல் திருடனாவே தான் இருப்பான். தெரியுதுங்க, எனக்கும் தெரியுது. வாய்க்கு வந்திச்சி, சொல்லிட்டேன். பாவி நான். வுடுங்க.

கூலி எவ்ளோன்னு சொல்லுங்க. ...வாங்கிட்டிங்களா? யாருகிட்ட? சந்திரகலா குடுத்தாளா? ...அவ இல்லயா. அப்ப உங்கள யாரு...

...ரசூலா?

அவன் இன்னா சொன்னான்? ...'எதுக்கும் அந்தக் கம்பியப் பாத்துடு, பாரம் இழுத்து இழுத்து அண்ணன் வண்டி தீப்புடிச்சிடப் போவுது'ன்னானா. ...இன்னும் இருக்குதா? சொல்லுங்க. 'நேரா போயி கயித்தத் தொட்டா அடிக்க வருவாரு. அவரப் பேச வுட்டுடு. நீ வாயே தொறக்காத. பேச ஆரம்பிச்சா அவரு வேற எதயும் கவனிக்க மாட்டாரு, அப்ப அறுத்துடு'ன்னானா... அதான் நீங்க வந்ததுலேருந்து ஒரு வார்த்த பேசலயா! பதினெட்டு வருசம் பக்கத்துல உக்காந்து வந்திருக்கான். தெரியாதா அவனுக்கு?

இப்ப எங்க இருக்கான்? வூட்லயா? ...பஸ் ஏத்தி வுட்டுட்டுத்தான் வந்திங்களா? எல்லாருமேவா? வஜீதா, புள்ளைங்க... மூட்ட முடிச்சோடவா? எந்த பஸ்ஸு? ...சரி, அது செங்கத்துல டீக்கு நிறுத்துவான். கால் மணி நிப்பான். புடிக்கலாம். புடிச்சி... அந்த பஸ்ஸுல இருக்கற அத்தினி பேரு எதுர்லயும் சொல்லிடறேன். ரசூல் திருடலன்னு, நான்தான்னு. பேரு சொல்லியே சொல்றேன். பங்க்ல எத்தினி பேரு இருந்தாங்களோ அதுக்கு மேல இருப்பாங்க பஸ்ஸுல.

இருங்க, டாங்கியத் தொறந்து பாக்கறேன். குச்சி எங்க... மூணு லிட்டர். மூணே மூணு. பங்க்ல ஸ்டாக் இல்ல. செங்கம் முப்பத்தஞ்சி கிலோமீட்டரு. எட்டு குடுத்தா இருவத்தி நாலுல நடுரோட்டுல நின்னுடும். பத்து குடுத்தாலும் பத்தாது. பன்னெண்டு குடுத்தா முப்பத்தாறு.

...தனி பிக்கப்பு, பன்னெண்டு குடுக்கும். அவன் பன்னெண்டுன்னு சொன்னா பன்னெண்டுதான். நவுருங்க மேஸ்திரி.